திருப்பிவிட்ட ரயிலும் நின்றுபோன ரயிலும்

(புதுச்சேரியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் திரளாகக் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் ஒரு வாசகத்தை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். “இந்த வண்டி இன்று மாற்றுப் பாதையில் திருப்பிவிடப்பட்டுள்ளது. பிரயாணிகளுக்கு ஏற்படும் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.” மழைக்காலம் வந்தால் வாரம் ஒருமுறையாவது இது காதில் விழும். கேட்டுவிட்டு நாம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடப்போம், இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்புவோம். அந்த ஒரு வாசகத்தைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறேன். யாருடைய ரயில் திருப்பிவிடப்படுகிறது? யாருடைய ரயில் நின்றுபோகிறது? திருப்புகிற வேலையைச் செய்கிறவன் யார்? நம்முடைய புதுச்சேரிக்கு மாற்றுப் பாதை என்று ஒன்று உண்டா?

நமக்குத் தெரிந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவில் இடுப்பளவு தண்ணீரில் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அந்த மழை இங்கே மட்டும் பெய்யவில்லை. மயிலம், திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை எல்லாம் பெய்தது. ஏரிகள் நிரம்பி உடைந்தன. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் குடியிருந்த கூலி விவசாயிகளின் குடிசைகளுக்குள் புகுந்தது. அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது.

டிசம்பர் 2, திங்கட்கிழமை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள 452ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய மட்டத்தைத் தாண்டிவிட்டது. பாலத்தின் மேல் ரயில் போகக்கூடாது என்று ரயில்வே நிர்வாகம் நிறுத்தியது.

நிறுத்தியது சரி. இதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. ஏன் சரி என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. ஆற்றில் வெள்ளம். பாலத்தின் முட்டும் கரையும் அரித்துப்போயிருந்தன. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் விலகியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பெட்டிகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், எத்தனை பேர் கூலி வேலைக்குப் போனவர்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. எட்டு ஆண்டுக்குப் பிறகு, 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாஸஞ்சர் வண்டியை முழுசாகக் கடல் கொண்டுபோயிற்று. ஆகவே, தண்ணீர் ஏறினால் வண்டியை நிறுத்து என்பது ரத்தத்தில் எழுதிய சட்டம். தாமதமானாலும் உயிர் போகாது.

ஆனால் நிறுத்திய பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் நம்முடைய விஷயம்.

தென் மாவட்டங்களிலிருந்து இரவு முழுவதும் ஓடிவந்த தூரத்து எக்ஸ்பிரஸ்கள் பல, விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றிக்கொண்டு சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டன. வேறு சில வண்டிகள் ரத்தாயின. சில நடுவழியிலேயே முடித்துக்கொண்டன. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு நேர்ப்பாதை சுமார் 160 கிலோமீட்டர். காட்பாடி சுற்றினால் சுமார் 290 கிலோமீட்டர். அதிலும் விழுப்புரத்திலிருந்து காட்பாடி வரை ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் ஏதாவதொரு சின்ன ஸ்டேஷனில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். ஒரே ராத்திரியில் பத்து வண்டி கூடுதலாக வந்து நின்றால் அந்தப் பாதை எப்படித் தாங்கும்? ஒற்றையடிப் பாதையில் திருவிழாக் கூட்டம் போன மாதிரிதான். இருந்தாலும் அந்தப் பிரயாணிகள் மணிக்கணக்கில் தாமதமாகவாவது ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்படிச் சுற்றிப் போகிற வழியே பல காலம் இல்லாமல் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விழுப்புரம் ஐந்து திசைக்கும் பாதை பிரிகிற சந்திப்பு. வடக்கே செங்கல்பட்டு, சென்னை. தெற்கே விருத்தாசலம் வழியாகத் திருச்சி. தென்கிழக்கே கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர். மேற்கே திருவண்ணாமலை, காட்பாடி. கிழக்கே நம் புதுச்சேரி. இதில் கடலூர், தஞ்சாவூர் வழிதான் பழைய மெயின் லைன். விருத்தாசலம் வழியாகப் போகிற குறுக்குப்பாதையை 1920களின் இறுதியில் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்று அறுந்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்று ஆயிற்று. பாட்டன் காலத்து ஆட்கள் போட்டுவைத்த இரண்டு பாதை!

ஆனால் காட்பாடியில் ஒரு சுவர் நின்றது. அது செங்கல் சுவர் அல்ல. தண்டவாளத்தின் அகலம்தான் அந்தச் சுவர். எழும்பூரிலிருந்து தெற்கே போன வண்டிகள் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடின. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம், காட்பாடி வழியாகப் போன வண்டிகள் 1,676 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடின. மாட்டுவண்டிச் சக்கரம் ரோட்டுக்கு ரோடு பொருந்தும். ரயில் சக்கரம் பொருந்தாது. விழுப்புரம்–காட்பாடி பாதையும் மீட்டர் பாதைதான். ஆகவே தெற்கத்தி வண்டி காட்பாடி வரை வந்தாலும் அங்கிருந்து சென்னைக்கு அகலப்பாதையில் ஏற முடியாது. பிரயாணி மூட்டை முடிச்சோடு இறங்கி மாற வேண்டியதுதான். கம்பெனிக்காரர்கள் தங்கள் சிக்கனத்துக்கும் லாபத்துக்கும் தகுந்தபடி ஒவ்வோர் இடத்தில் ஓர் அகலமாகப் போட்டார்கள். அந்தக் கோளாறைச் சரிசெய்ய நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. விழுப்புரம்–காட்பாடி பாதையும் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையும் அகலமாக்கப்பட்டுத் திறந்தது 2010இல். அந்த வேலை நடந்த காலத்தில் இரண்டும் சில ஆண்டு மூடிக்கிடந்தன. திருவண்ணாமலை, பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்து ஏழைகள் அத்தனை நாளும் இரட்டிப்புக் காசு கொடுத்து பஸ்ஸில் போனார்கள். ஆகவே 2024இல் காட்பாடி வழியாக ஓடிய ஒவ்வொரு எக்ஸ்பிரஸும் அவர்கள் கொடுத்த விலையின் மேல்தான் ஓடியது.

சரி, பாதை இருக்கிறது. பாதை இருந்தால் போதுமா? யாரோ அதிகாரி படத்தில் கோடு கிழித்தால் ரயில் தானாகத் திரும்பிவிடுமா?

முதலில், தண்ணீர் ஏறிவிட்டது என்று யார் சொல்வது? பாலத்தின் தூணில் அபாய மட்டம் குறித்திருப்பார்கள். ராத்திரி மழையில் கைவிளக்கோடு தண்டவாளத்தின் மேல் நடந்துபோய்த் தண்ணீர் கோட்டைத் தொட்டதா என்று பார்க்கிறவன் கேங்மேன். இன்றைக்கு அவனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை அதே வேலை, மழை அதே மழை. கையில் விளக்கு, கொடி, தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறி வெடிக்கிற பட்டாசு. ஆபத்தென்றால் அதை வைத்து வண்டியை நிறுத்த வேண்டும். அவன் கண் அயர்ந்தால் மருதையாறு. இந்த வேலைக்கு ஆள் குறைந்தால் நடக்க வேண்டிய மைல் கூடுகிறது. தனியே அனுப்பினால் உதவிக்கு ஆளில்லை. தண்டவாளத்தில் வேலை செய்கிறபோது வண்டி மோதிச் செத்த கேங்மேன் செய்தி பத்திரிகையின் ஏதோ ஒரு மூலையில் வருகிறது, போகிறது.

அடுத்து ஸ்டேஷன் மாஸ்டர். அடுத்த ஸ்டேஷனிலிருந்து பாதை காலி என்று உத்தரவாதம் வராமல் அவர் வண்டியை விடமாட்டார். ஒற்றைப் பாதையில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வண்டி கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி ஒதுங்குவது, எந்த வண்டிக்கு முதல் வழி என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிற கண்ட்ரோலர் முடிவு செய்ய வேண்டும். சென்னைக் கோட்டமும் திருச்சிக் கோட்டமும் பேசிக்கொள்ள வேண்டும்.

பிறகு வண்டி ஓட்டுகிற தோழர். இது பலருக்குத் தெரியாத சங்கதி. ரயில் டிரைவர் எந்தப் பாதையில் வேண்டுமானாலும் ஓட்டிவிட முடியாது. ஒரு பாதையில் முன்பே போய்ப் பழகி, எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எந்த சிக்னல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, “எனக்கு இந்தப் பாதை தெரியும்” என்று கையெழுத்துப் போட்டவர்தான் அதில் ஓட்டலாம். இருட்டில், மழையில், பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருகிறபோது, சிக்னலைத் தேடிக் கண்டுபிடிக்கவா முடியும்? ஆகவே திருப்பிவிடும்போது அந்தப் பாதை தெரிந்த ஆளைக் கொண்டுவந்து எஞ்சினில் ஏற்ற வேண்டும். அந்த ஆளோ ஏற்கெனவே ஒரு வண்டி ஓட்டி முடித்து வந்திருப்பான். பத்து மணி நேர வேலைக்காக லோகோ தொழிலாளர்கள் 1973 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்து வாக்குறுதி வாங்கினார்கள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அந்த வாக்குறுதிதான்.

இதில் வெளிநாட்டுக் கதை ஒன்று உண்டு. புதுச்சேரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பீர்கள். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையோரம் ராஸ்டாட் என்றோர் ஊர். 2017 ஆகஸ்டில் அங்கே ஓடுகிற பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். மேலே தண்டவாளம் அமுங்கிவிட்டது. ஐரோப்பாவின் வடக்கு துறைமுகங்களுக்கும் இத்தாலிக்கும் சரக்கு போகிற ராஜபாட்டை அது. சுமார் ஏழு வாரம் மூடிக்கிடந்தது. பக்கத்திலேயே, நதிக்கு அக்கரையில், பிரான்ஸ் நாட்டில் நல்ல பாதை இருந்தது. தண்டவாளத்தின் அகலமும் ஒன்றுதான். ஆனால் சரக்கு வண்டிகள் நூற்றுக்கணக்கில் தேங்கின. ஏன்? பிரான்சில் வண்டி ஓட்ட பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் டிரைவர்களில் பிரெஞ்சு தெரிந்து, அந்தப் பாதையும் தெரிந்த ஆட்கள் போதவில்லை! நம் ஊர் வயசாளிகளில் நாலு பேரை அனுப்பியிருக்கலாம். வேடிக்கை இருக்கட்டும். உலகத்தில் பணக்கார நாடு, எஞ்சின் உண்டு, தண்டவாளம் உண்டு, மின்சாரம் உண்டு. பழகிய தொழிலாளி இல்லாததால் மாற்றுப் பாதை கைக்கெட்டியும் வாய்க்கெட்டவில்லை. செலவு மிச்சம் என்று ஆளைக் குறைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்பிரஸ் வண்டி திரும்பிப் போயிற்று. பாஸஞ்சர் வண்டி?

பாஸஞ்சர் வண்டியைத் திருப்பிவிட முடியாது. யோசித்துப் பாருங்கள். முண்டியம்பாக்கத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குகிறவனைக் காட்பாடி வழியாகக் கொண்டுபோக முடியுமா? வளவனூரிலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வருகிறவளை எந்த வழியில் சுற்றிக்கொண்டு வருவது? திருப்பிவிடுவது என்பது இரண்டு முனை மட்டும் உள்ளவனுக்கு உதவும். வழி நெடுக இருக்கிறவனுக்கு உதவாது. எக்ஸ்பிரஸ்காரனுக்கு சென்னையும் மதுரையும் முக்கியம். நடுவில் எப்படிப் போனால் என்ன? நமக்கு நடுவில் இருக்கிற ஸ்டேஷன்தான் ஊர்.

ஆகவே ஒரு பாலத்தில் தண்ணீர் ஏறினால் எக்ஸ்பிரஸ் தாமதமாகிறது, பாஸஞ்சர் ரத்தாகிறது. இதை வேண்டுமென்றே செய்த சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. பாதி இயற்கையாக இப்படித்தான் ஆகும். மீதிப் பாதிதான் நம்முடைய சண்டை. சுற்றுப் பாதையில் பத்து எக்ஸ்பிரஸை நுழைப்பதற்காக, அந்தப் பாதையில் அன்றாடம் ஓடுகிற பாஸஞ்சரை ஒதுக்குகிறார்கள், நிறுத்துகிறார்கள். வெள்ளமே வராத ஊர்க்காரனும் அன்று வேலைக்குப் போக முடியாது. எக்ஸ்பிரஸ் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்ப வருகிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது, நல்லது. ஒரு நாள் கூலி போனால் எந்த ஜன்னலில் போய்த் திரும்பக் கேட்பது?

கூலி மட்டுமா? ஜிப்மருக்கு வருகிற நோயாளிகளைப் பாருங்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் ஜில்லாக்களிலிருந்து மாதாமாதம் தேதி கொடுத்து வரச்சொன்னவர்கள். கையில் சீட்டு, துணிப்பையில் சோறு. முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த ஊருக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவேதான் பாதை அறுந்தது. நோயாளிக்கு பஸ் கூட்டத்தில் நின்றுகொண்டு போகிற தெம்பு இருக்குமா?

நம் புதுச்சேரியின் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். சந்திப்பில் இருக்கிறவனுக்கு ஐந்து வாசல். நமக்கு ஒரே வாசல்.

இது எப்படி வந்தது? நம் ஊருக்கு ரயில் வந்தது 1879இல். பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி என்று ஒன்று போட்ட பாதை. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பிரெஞ்சுக்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் ஆயிரம் சண்டை இருந்தாலும் வியாபாரத்தில் ஒற்றுமை உண்டு. உள்நாட்டிலிருந்து சரக்கு துறைமுகத்துக்கு வர வேண்டும், கப்பலில் ஏற வேண்டும். இங்கே நெய்து சாயம் போட்ட நீலத்துணி ஆப்பிரிக்காவுக்குப் போன காலம் அது. ஆகவே விழுப்புரத்திலிருந்து ஒரு கொம்பு மாதிரி நீட்டி, கடற்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வணிகனுக்குக் கடலே அடுத்த வாசல். ஜனங்கள் கடலூருக்குப் போக வேண்டும், திண்டிவனத்துக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. பிரெஞ்சுக்காரன் போய் 70 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரோடியர் மில்லில் சங்கு ஊதி நின்றுபோயிற்று. 2020இல் ஏ.எஃப்.டி. என்ற அந்த மில்லையே மூடிவிட்டார்கள். பாதை மட்டும் அதே 38 கிலோமீட்டர். வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர், விழுப்புரம். தண்டவாளம் அகலமாயிற்று, மின்சாரம் வந்தது. முனை மட்டும் முனையாகவே இருக்கிறது.

இங்கிருந்து டில்லிக்கு வண்டி உண்டு, ஹவுராவுக்கு உண்டு, மங்களூருக்கு உண்டு. பெருமைதான். ஆனால் வளவனூரில் ஓர் இடத்தில் மண் அரித்தால் இவற்றில் ஒன்றும் நகராது. திருப்பிவிடுவதற்கு ஏதாவது வழி வேண்டுமே! கடலூர் நமக்கு 25 கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை. ரயிலில் போக விழுப்புரம் போய்த் திரும்ப வேண்டும்.

மூடிய முனையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. முன்னால் செய்துங்கநல்லூர் பக்கம் வெள்ளம் ஜல்லியை அடித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பின்னால் திருச்செந்தூர், அதற்கப்பால் கடல். போக வேறு பாதை இல்லை. வண்டியில் சுமார் 800 பேர். இரண்டு நாள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டியதாயிற்று. ஆனால் அதற்கு முன்னாலேயே சோறு வந்துவிட்டது. பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்து ஜனங்கள், தங்கள் வீட்டிலும் வெள்ளம் நிற்கிற நேரத்தில், இருக்கிற அரிசியைப் போட்டு ஆக்கிப்போட்டார்கள். வண்டியை நிறுத்திவைத்த ரயில்வே தொழிலாளியும் சோறு போட்ட கிராமத்தானும்தான் அந்த 800 பேரைக் காப்பாற்றினார்கள்.

“நஷ்டத்தில் ஓடுகிற சின்னப் பாதை எதற்கு?” என்று கேட்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இப்படித்தான் கேட்டு 1960களில் ஆயிரக்கணக்கான மைல் பாதையை மூடினார்கள். தென்மேற்கு மூலையில் கார்ன்வால் ஜில்லாவுக்குக் கடலோரமாக ஒரு பாதை, மேட்டு நிலத்தின் வழியாக ஒரு பாதை என்று இரண்டு இருந்தன. மேட்டுப் பாதையை 1968இல் நடுவில் அறுத்துப் போட்டார்கள். 2014 பிப்ரவரியில் டாலிஷ் என்ற ஊரில் கடல் அடித்துக் கடலோரப் பாதை தொங்கிற்று. திருப்பிவிட வழியில்லை. இரண்டு மாதம் ஒரு ஜில்லா முழுக்க நாட்டின் மற்றப் பகுதியோடு ரயில் தொடர்பில்லாமல் கிடந்தது. ஓடுகிற நாளில் அந்தச் சின்னப் பாதை எவ்வளவு நஷ்டம் என்று எழுதினார்களே, அறுந்த நாளில் எவ்வளவு நஷ்டம் என்று எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் காரைக்காலில் நடந்ததே. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் போட்ட பாதையை 1980களில் மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். ஒரு தலைமுறை காரைக்கால் ரயிலைப் பார்க்கவில்லை. 2011இல் நாகூரிலிருந்து பாதை வந்தது. அதற்குப் பிறகு, பிடுங்கிய அதே பேரளம் பாதையைப் பல கோடி செலவழித்து மறுபடியும் போட்டிருக்கிறார்கள். காரைக்காலுக்கு இரண்டாவது வாசல் கிடைக்கிறது. வாழ்த்துகிறோம். பிடுங்காமல் இருந்திருந்தால் இன்னும் வாழ்த்தியிருப்போம்.

புதுச்சேரிக்கு இரண்டாவது வாசல் காகிதத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஒரு கடற்கரைப் பாதை. 2008–09 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதித்தார்கள். அந்த வருஷம் பிறந்த குழந்தை வளர்ந்து ஓட்டுப் போடுகிற வயதுக்கு வந்துவிட்டது. பாதை வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் சொகுசு விடுதிகளும் கார்களும் பெருகிவிட்டன. ரயில் வந்தால் இந்தப் பாதை வருமானம் தருமா என்று கணக்குப் பார்க்கிறார்களாம். விழுப்புரம் அறுந்தால் கடலூர் வழியாக, கடலூர் அறுந்தால் சென்னை வழியாக இந்த ஊருக்கு அரிசியும் மருந்தும் வரும் என்பதை எந்தப் பத்தியில் வரவு வைப்பார்கள்?

அந்தப் பாதை வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? இல்லை. நாளைக்கே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. அதைத்தான் மனுவில் எழுதியிருக்கிறோம்.

பாலம் ஒன்று அறுந்தால் இரண்டு பக்கமும் அறாத பாதை இருக்கிறது. விக்கிரவாண்டி வரை வடக்கேயிருந்து ஓட்டலாம். முண்டியம்பாக்கம் வரை தெற்கேயிருந்து ஓட்டலாம். புதுச்சேரி–விழுப்புரம் பாதையைச் சோதித்துப் பத்திரம் என்று சான்று கொடுத்துவிட்டால் அதில் வண்டி ஓடுவதற்கும் 452ஆம் எண் பாலத்துக்கும் என்ன சம்பந்தம்? மெமு வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டும் அறை உண்டு. எஞ்சினைக் கழற்றி மாட்ட வேண்டாம். போன வண்டி அப்படியே திரும்பி வரும். அறுந்த இடத்துக்குச் சாலை திறந்திருந்தால், ரயில் டிக்கெட்டையே காட்டி அரசு பஸ்ஸில் ஏற அனுமதிக்க வேண்டும். இரண்டு சர்க்கார் பஸ் கழகங்களோடும் ரயில்வே இலாகா முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மழை வந்த பிறகு பேசினால் கோப்பு நனைவதுதான் மிச்சம்.

சுற்றுப் பாதையில் திரும்பிப் போகிற எக்ஸ்பிரஸ் திருக்கோவிலூரிலும் போளூரிலும் எப்படியும் எதிர்வண்டிக்காக நிற்கத்தான் போகிறது. நிற்கிற நேரத்தில், பாஸஞ்சர் ரத்தான அந்த ஊர் ஜனங்களைச் சாதாரண டிக்கெட்டில் ஏற்றிக்கொண்டால் என்ன? எந்த வண்டி வரும், எது வராது என்பதைக் கைப்பேசியில் மட்டும் போடாமல், ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனிலும் தமிழில் எழுதிப் பலகையில் வைக்க வேண்டும். நாற்று நடப் போகிற அம்மா எந்தச் செயலியைத் திறந்து பார்ப்பாள்?

ரயில்வே தொழிலாளர்கள் கேட்பதையும் நம் மனுவில் சேர்த்திருக்கிறோம். காலியாகக் கிடக்கிற கேங்மேன் இடங்களை நிரப்ப வேண்டும். மழை ராத்திரியில் ஒற்றை ஆளை அனுப்பக்கூடாது. சுற்றுப் பாதைகளில் டிரைவர்களையும் கார்டுகளையும் வெயில் காலத்திலேயே பழக்கிவைக்க வேண்டும். இது அவர்கள் சங்கத்துக் கோரிக்கை, நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். அந்த விளக்கு பிடிக்கிற கைதான் நம்மைத் தூங்கவிடுகிறது.

மனு திருச்சியிலுள்ள கோட்ட மேலாளருக்கு. புதுச்சேரிப் பாதை அவர் பொறுப்பில்தான் வருகிறது. கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடதுபக்கம் மேஜை போட்டிருக்கிறது, அங்கே கையெழுத்துப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வில்லியனூர் ஸ்டேஷன் வாசலில் இருப்போம், அடுத்த ஞாயிறு வளவனூர் சந்தையில். கையெழுத்தோடு எந்த ஸ்டேஷனில் ஏறி எந்த ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள், என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். அதற்குத் தனிப் பத்தி விட்டிருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்கத் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ரேகை வைப்பவர்களுக்கு மை டப்பாவும் இருக்கிறது.